ரத்தம் வராத அலகு

ஜூலை 14, திங்கள்

சென்டருக்கு இன்று எட்டுப் பிள்ளைகள்தான் வந்தார்கள். மற்ற ஆறு பேருக்கும் காய்ச்சல். கே.ஜி.கண்டிகை பஸ் இருபது நிமிடம் தாமதம். சூப்பர்வைசர் அம்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அவருக்காக அங்கன்வாடிச் சுவரெல்லாம் துடைத்து இடுப்பு நொந்ததுதான் மிச்சம்.

காலையில் வீட்டுக்காரர் சவரம் செய்யும்போது தாடையில் கீறிக்கொண்டார். கடுகளவு கீறல். பஞ்சை வைத்து அழுத்தினார், எடுத்தார், மறுபடி அழுத்தினார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை ரத்தம் நிற்கவில்லை.

"மாத்திரை சாப்டா அப்படித்தான் இருக்கும்னு டாக்டரு சொல்லிக்கீறாரு இல்ல, நீ கெளம்பு" என்றார்.

பிப்ரவரியில் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து தினமும் இரண்டு மாத்திரை. ஆஸ்பிரின் ஒன்று, கிளோபிடோக்ரெல் ஒன்று. அந்த ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைக்காமல் காப்பது இவைதான் என்றார்கள். ஆனால் பைக் மெக்கானிக்குக் கையில் அடிபடாத நாள் உண்டா? ஸ்பேனர் வழுக்கினால் போதும், விரலில் கர்ச்சீப் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறார். முழங்கையெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப்போயிருக்கிறது.

அந்தப் பஞ்சைப் பார்த்ததும் எனக்கு ஆடிக்கிருத்திகை ஞாபகம் வந்தது. பயந்துபோனேன். அதை யாரிடம் சொல்வது? அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய்தான்.

பிப்ரவரியில் அவரை ஸ்டென்ட் வைக்க உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திய அன்று, சென்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டேன். "முருகா, இவரைத் திருப்பிக் கொடுத்துடு. இந்த ஆடிக்கு அலகு குத்திக்கினு காவடி எடுத்து உன் படி ஏறுவாரு."

வேண்டுதல் என்னுடையது, கன்னம் அவருடையது. அன்று அது உறைக்கவில்லை. அவரும் கண் விழித்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஆங், குத்திக்கிறேன், அதுக்கு இன்னா இப்ப" என்று சிரித்தார்.

ஜூலை 20, ஞாயிறு

இந்த வருடம் ஆடியில் இரண்டு கிருத்திகை. இன்று முதலாவது. திருவிழா அடுத்த மாதம்தான் என்றாலும் மலைப்பாதை முழுக்கக் கூட்டம்.

பள்ளிப்பட்டிலிருந்து தேவகி அண்ணி வந்திருந்தார். இவருடைய அக்கா. சாப்பிடும்போது, "தம்பி, பக்தவச்சலம் சாமிகிட்ட சொல்லிட்டியா? அவரு குத்தினா வலியே தெரியாது. விரதம் சுத்தமா இருந்தா ஒரு சொட்டு ரத்தம் வராது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வீடும் சுத்தமா இருக்கணும், இன்னா அனுராதா" என்றார்.

பக்தவச்சலம் சாமி மார்க்கெட்டில் பூ வியாபாரம் செய்பவர். எங்கள் தெருக் காவடிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். வருடத்துக்கு முப்பது பேருக்காவது அலகு குத்துவார்.

போன வருடம் அவர் குத்தியவர்களில் ஒருவர், எங்கள் தெரு பாலமுருகன். வேல் கன்னத்தில் ஏறியதும் ரத்தம் வழிந்து மார்பில் இருந்த மஞ்சள் துண்டு நனைந்துவிட்டது. விபூதி அப்பியும் நிற்கவில்லை. யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லாரும் அவர் மனைவி பானுப்ரியாவைத்தான் பார்த்தார்கள். வீட்டில் ஏதோ தீட்டுக் கலந்திருக்கிறது, மறைத்துவிட்டாள் என்று பேச்சு. அவள் மூன்று மாதம் தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்க வரவில்லை.

அந்தப் பேச்சை முதலில் தொடங்கியது யார் என்று இங்கேயாவது எழுதலாம். நான்தான். மலையடிக் குளமான சரவணப்பொய்கைப் படியில் நின்று, பக்கத்திலிருந்தவளின் காதில் சொன்னேன்.

இப்போது கடுகளவு கீறலுக்கே அரை மணி நேரம் ரத்தம் வரும் மனிதரைக் கூட்டிக்கொண்டு அதே படிக்குப் போக வேண்டும்.

ஜூலை 26, சனி

சென்னை ஆஸ்பத்திரியில் ரிவ்யூ செக்கப். ரயிலில் அரக்கோணம் வரை நின்றுகொண்டே போனோம், அதற்குப் பிறகுதான் அவருக்கு இடம் கிடைத்தது.

டாக்டர் எழிலன் சின்ன வயசுக்காரர். மெதுவாகப் பேசுவார். "ஸ்டென்ட் வச்சு இன்னும் ஆறு மாசம்கூட ஆகல. ஒரு வருஷத்துக்கு ரெண்டு மாத்திரையும் ஒரு நாள்கூட விடக்கூடாது. பல் புடுங்கணும், வேற ஆபரேஷன், எதுவா இருந்தாலும் நீங்களா நிறுத்தாதீங்க, முதல்ல எங்கிட்ட கேளுங்க. மூட்டு வலிக்குக் கடையில மாத்திரை வாங்கிப் போடாதீங்க. மலம் கருப்பாப் போனா உடனே வாங்க." இதையெல்லாம் அட்டையில் எழுதி, கீழே ஒரு போன் நம்பரும் போட்டுக் கொடுத்தார்.

"வேற ஏதாவது கேக்கணுமாம்மா?"

கேட்டிருக்கலாம். அலகு என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. படித்த பிள்ளை சிரித்துவிடுமோ, வேண்டாம் என்று சொல்லிவிடுமோ... வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முருகனுக்கு நான் என்ன பதில் சொல்வது? "ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்றேன்.

சென்டரில் தாய்மார்களுக்கு நான் சொல்வது என்ன? "வாயைத் தொறந்து கேளுங்கம்மா, டாக்டரு கடிச்சா திங்கப் போறாரு." நல்ல டீச்சர்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சென்டரிலிருந்து தன் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த மோனிகா பேச்சுவாக்கில் சொன்னாள். அவள் அப்பாவும் ரத்தம் இளகும் மாத்திரை சாப்பிடுகிறாராம். பல் பிடுங்க அஞ்சு நாள் முன்னாடியே நிறுத்தச் சொன்னார்களாம். "ரத்தமே வரல டீச்சர், பஞ்சுகூட காஞ்சுதான் இருந்துச்சு."

அஞ்சு நாள்.

ஆகஸ்ட் 6, புதன்

காப்புக் கட்டியாகிவிட்டது. ஒரு வேளைதான் சாப்பாடு, மதியம். மாத்திரையும் மதியத்துக்கு மாறிவிட்டது. எனக்கு அந்த நேரம் சென்டரில் வேலை என்பதால் காலையிலேயே சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுப் போகிறேன். அவர் கிண்ணத்தைக் கவிழ்த்து வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். என்ன, எத்தனை என்று பார்ப்பதில்லை. பார்க்கும் ஆளில்லை அவர்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அவரிடம் சொல்லலாமா? சொன்னால், "டாக்டரு விடக்கூடாதுன்னாரே" என்பார்.

ஆறு மாதம் தின்ற மருந்து உடம்பில் இல்லாமலா போகும்? அஞ்சே நாள். முருகன் பக்கத்திலேயே நிற்கும் அஞ்சு நாள். அவன் பார்த்துக்கொள்ள மாட்டானா?

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று கிண்ணத்தில் பிரஷர் மாத்திரையும் இரண்டு சத்து மாத்திரையும் வைத்தேன். ரத்தம் இளகும் மாத்திரை இரண்டையும் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கடையில் செயினில் விரல் மாட்டி நகத்தோரம் கிழிந்ததாம். வீட்டுக்கு வரும்போது காயம் காய்ந்திருந்தது. கர்ச்சீப் இல்லை. "பாத்தியா, விரதம் இருந்தா உடம்பே தேறிக்குது" என்றார்.

நான் சந்தோஷப்பட்டேன். அதை எழுதத்தான் வேண்டும். அந்தக் காய்ந்த விரலைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி. ஆடிக்கிருத்திகை

கால் இரண்டும் கெஞ்சுகின்றன. ஆனாலும் எழுதாமல் படுக்க மனசில்லை.

விடியற்காலை சரவணப்பொய்கையில் முழுகி, மஞ்சள் வேட்டியோடு நின்றார். பம்பைச் சத்தத்தில் பேசினால் கேட்காது. மகள் ஷாலினி ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்தவச்சலம் சாமி இரண்டு கன்னத்திலும் விபூதியை அப்பி, "அரோகரா" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வெள்ளி வேல் இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் வந்திருந்தது.

ஒரு சொட்டு ரத்தம் இல்லை. விபூதியின் வெள்ளைகூடக் கலையவில்லை.

தேவகி அண்ணி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "வீட்டுக்காரி விரதம்டி இது" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். பானுப்ரியா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

முந்நூற்று அறுபத்தைந்து படியும் நின்று நின்று ஏறினார். மேலே கன்னத்திலிருந்து வேலை உருவியபோதும் ரத்தம் வரவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு பேர் என்னைப் பாராட்டியதில்லை.

நாளையிலிருந்து மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டும். விட்டதைச் சேர்த்து இரண்டிரண்டாகக் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆஸ்பத்திரி. எழுத முடியலை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஐசியு வாசலில் உட்கார்ந்து, ஷாலினியின் பழைய நோட்டில் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டதும் இரண்டிரண்டாக நாலு மாத்திரை கொடுத்தேன். என்னைப் பொறுத்தவரை கணக்கு நேராகிவிட்டது. ஒன்பது மணிக்குக் கடையைத் திறக்கக் கிளம்பியவர் செருப்பில் காலை விட்டபடியே நின்றார். "அனு, அதே மாதிரி பண்ணுது" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. கன்னத்தில் முந்தின நாள் அலகு குத்திய இரண்டு புள்ளி மட்டும் தெரிந்தது.

108-ல் திருவள்ளூர், அங்கிருந்து சென்னை. வழியில் ஒரு முறை மூச்சு நின்று வந்தது என்று வண்டியில் இருந்த பெண் பிறகு ஷாலினியிடம் சொன்னாளாம்.

பழைய ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து முழுசாக அடைத்திருந்ததாம். உறிஞ்சி எடுத்து, மறுபடி விரித்து விட்டிருக்கிறார்கள்.

டாக்டர் எழிலன் வெளியே வந்தார். மாஸ்க்கைக் கீழே இறக்கி, நேராக என்னிடம்தான் கேட்டார். "மாத்திரை ஏதாவது விட்டுப் போச்சாம்மா? ஒரு நாள், ரெண்டு நாள்?"

ஷாலினி பக்கத்தில் நின்றாள். அண்ணி பின்னால் நின்றார்.

"இல்லீங்க. ஒரு வேளைகூட விடல" என்றேன்.

சத்தியமா என் வாய்தான் சொல்லிச்சு. நான் சொல்லல.

ஆகஸ்ட் 20, புதன்

இல்லை. நான்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 23, சனி

டாக்டர் ஷாலினியிடம் விளக்கினார். இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டும் அடைத்திருக்கிறது என்றால் அந்த மாத்திரை நைனா உடம்பில் வேலை செய்யவில்லை என்று அர்த்தமாம். அதனால் வேறு மாத்திரை, அதைவிட வீரியமானது, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ரத்தக் கசிவு இன்னும் அதிகம் வரலாம், கவனமாக இருக்க வேண்டும். "வேற வழி இல்லம்மா" என்றார்.

வேறு வழி இருக்கிறது. அது என் வாய்க்குள் இருக்கிறது. அண்ணி அங்கே வருகிறவர்களிடமெல்லாம், "அலகு குத்தினப்ப ஒரு சொட்டு ரத்தம் வரல, அந்தப் புண்ணியம்தான் அவனைப் பொழைக்க வச்சுது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 27, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். இருதயம் முப்பது சதவீதம்தான் வேலை செய்கிறதாம். வாசலிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் இரண்டு முறை நின்றார். தெருவில் யாரோ பைக்கை உதைத்தார்கள், ஸ்டார்ட் ஆகவில்லை. "பிளக்குல கரி" என்றார் மெதுவாக. அவ்வளவுதான் இன்று பேசியது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மோனிகாவிடம் கேட்டேன். அவள் அப்பாவுக்கு ஸ்டென்ட்டே இல்லையாம். பல் டாக்டர் அவராகச் சொல்லவில்லை, இருதய டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் சொன்னாராம். "அதை நான் அன்னிக்கே சொன்னேனே டீச்சர்" என்கிறாள்.

சொன்னாளா? சொல்லியிருப்பாள். எனக்கு வேண்டியது மட்டும்தான் என் காதில் விழுந்திருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

பானுப்ரியா சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். என் வீட்டுக்கு! அவளுக்கு நாற்காலி போட்டேன்.

மேசைமேல் இருந்த பழைய மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். "அக்கா, இந்த ஆஸ்பிரின்தான் எங்க வீட்டுக்காரரும் சாப்பிடறாரு. மூணு வருஷம் முன்னாடி வாய் லேசாக் கோணிச்சே, அப்பலேர்ந்து. ரத்தம் இளகுறதுக்குன்னு சொன்னாங்க." அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "போன வருஷம் அலகுல ரத்தம் வந்துச்சே... அது இதாலயா இருக்குமாக்கா? மூணு மாசம் நான் என்னையே கேட்டுகினு இருந்தேன், இன்னா தப்புப் பண்ணேன்னு."

"தெரியலையே பானு" என்றேன்.

நான் எவ்வளவு கேவலமானவள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் கழிவறையிலிருந்து வந்து, "தார் மாதிரி போகுது" என்றார். முகம் வெளுத்திருந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றார்.

புது மாத்திரை கையில் இருந்தது. கொடுப்பதா, நிறுத்துவதா? நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன். கொடுத்தால் ரத்தம் போகிறது. நடுக்கூடத்தில் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டையைத் தேடி எடுத்து, கீழே இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு நர்ஸ் எடுத்தாள். விவரம் கேட்டாள். "நீங்களா எதையும் முடிவு பண்ணாதீங்க, எல்லா மாத்திரையையும் பையில போட்டுக்கினு உடனே கூட்டி வாங்க" என்றாள்.

ஒரு போன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆகஸ்டில் இதே நம்பர் இதே மேசையில்தான் இருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

வயிற்றில் புண், அதிலிருந்து ரத்தம். குழாய் விட்டுப் பார்த்து அடைத்திருக்கிறார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். ஷாலினி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

டாக்டர் எழிலன் பேப்பர்களைப் புரட்டிக்கொண்டே கட்டில் பக்கத்தில் நின்றார். "சிக்கல் என்னன்னா, இந்த மாத்திரை ரத்தக் கசிவு உண்டாக்குது. பழையதுக்குத் திரும்பலாம்னா, அதைச் சாப்பிடும்போதே அடைச்சுக்கிச்சு. எந்தப் பக்கம் போனாலும் பயமா இருக்கு." பிறகு நிமிர்ந்து, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஆகஸ்ட்ல ஒரு நாள்கூட விடலையா?"

அந்தப் பிள்ளையின் கண்ணில் தூக்கமே இல்லை. என் பொய்யை வைத்துக்கொண்டு ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது.

"அஞ்சு நாள் விட்டேங்க. திருவிழா அன்னிக்கும் சேர்த்தா ஆறு. ரெண்டு மாத்திரையும். அவருக்குத் தெரியாது. அலகு குத்தறப்ப ரத்தம் வரக்கூடாதுன்னு நான்தான் வேற மாத்திரைய வச்சேன். மறுநாள் டபுளாக் கொடுத்தேன்."

ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவார் என்று குனிந்து நின்றேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் கேட்டது திட்டறதுக்கு இல்லம்மா. நீங்க சொல்ற பதிலை வச்சுத்தான் மருந்தையே முடிவு பண்றோம்" என்றார். "அப்ப பழைய மாத்திரை தப்பு பண்ணல. அதுக்கே திரும்பிடலாம், கூட வயித்துக்கு ஒரு மாத்திரை. இனிமே விட்டுப் போனா அதுக்காக சேர்த்துக் கொடுக்காதீங்க, போன் பண்ணுங்க. அலகுன்னு எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, இந்த வருஷம் வேணாம், அடுத்த வருஷம் பேசலாம்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்."

அடுத்த வருஷம். முருகன் ஒரு வருடம் காத்திருக்க மாட்டானா? இது எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியபடியேதான் இருந்தார். தூங்குகிறாரா, கேட்டாரா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 24, புதன்

வீட்டில். கருப்பாகப் போவது நின்றுவிட்டது. சாப்பாடு கொஞ்சம் இறங்குகிறது. என்னிடம் பேசுகிறார்: தண்ணீர், ஜன்னல், போர்வை.

ஷாலினியிடம் நானே சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். தினமும் நைனாவுக்குப் போன் செய்கிறாள். என் நம்பருக்கு வருவதில்லை.

அக்டோபர் 9, வியாழன்

கடையை வாடகைக்கு விட்டாயிற்று. சாமான்களை எடுக்கப் போகும்போது, நானும் வருகிறேன் என்றார். ஆட்டோவில் கூட்டிப் போனேன். இறங்கவில்லை. ஆட்டோவிலிருந்தே ஸ்பேனர் பெட்டியை எங்கே வைக்க வேண்டும் என்று கையைக் காட்டினார்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

ஷாலினி வந்தாள், போனாள். வெடிச் சத்தத்துக்குக் கதவைச் சாத்தினோம்.

அவருக்குத் தெரியுமா? தெரிந்தால் ஏன் கேட்கவில்லை? கேட்டுத் தொலைத்தால் தேவலையே. தினமும் காலையில் டம்ளரோடு எதிரே நிற்கும்போது, நானே சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வருகிறது. டாக்டரிடம் சொல்ல முடிந்தது, பெற்ற மகளிடம் சொல்ல முடிந்தது. இவரிடம் முடியவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

பக்தவச்சலம் சாமி வந்தார். கூடவே பாலமுருகன். அண்ணியும் காலையிலேயே வந்திருந்தார். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம், இவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

நலம் விசாரித்துவிட்டுச் சாமி சொன்னார்: "தைப்பூசத்துக்கு பாலமுருகன் அலகு குத்திக்கணும்ன்றாரு. போன தடவை ரத்தம் வந்ததுல மனசு விட்டுப்போச்சு, ஊர் வாய அடைக்கணும்ன்றாரு. இப்ப இன்னாடான்னா ரத்தம் இளகுற மாத்திரை சாப்பிட்டுகினு கீறேன், அதால வருமோன்னு பயப்படறாரு. நான் சொன்னேன், இதோ, இருதயத்துல ஸ்டென்ட் வச்ச நம்ம குணசேகரனுக்கே ஒரு சொட்டு வரல. மாத்திரை ஒண்ணும் செய்யாது, விரதம் சுத்தமா இருந்தா போதும்னு."

என் பொய் வீட்டைத் தாண்டி இன்னொரு வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேசினார். மூச்சுக்கு நடுநடுவே நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிகிறது இப்போது. "விரதம் இல்ல சாமி. நான் அஞ்சு நாள் மாத்திரைய நிறுத்திட்டேன். அதான் ரத்தம் வரல. மறுநாளே படுத்துட்டேன். இவளுக்குத் தெரியாது."

அஞ்சு நாள் என்றார். அன்று கட்டிலில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஒன்றரை மாதம் மனசுக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. எல்லாம் தீர்ந்தது. பாலமுருகனுக்கும் ஆபத்தில்லை, எனக்கும் கெட்ட பேரில்லை. பேசாமல் எழுந்து காபி போடப் போயிருக்கலாம்.

ஆனால் அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "அறிவு கெட்டவனே, யாரைக் கேட்டுடா நிறுத்தின? பொண்டாட்டி புள்ளைய நெனச்சியா? உன்னை ராஜா மாதிரி பாத்துக்கினாளே, அவளுக்காவது சொன்னியா?" வாய்க்கு வந்தபடி திட்டினார். அந்த மனிதர் தலையைக் குனிந்து, மார்பு ஏறி இறங்க, வாங்கிக்கொண்டே இருந்தார்.

"அண்ணி, அவரைத் திட்டாதீங்க" என்றேன். "நிறுத்துனது நான். கிண்ணத்துல வேற மாத்திரைய வச்சு ஏமாத்தினேன். அவருக்குத்தான் தெரியாது."

பாலமுருகனைப் பார்த்துச் சொன்னேன், "உங்களுக்கு அன்னிக்கு ரத்தம் வந்தது மாத்திரையாலதான். பானு மேல ஒரு குத்தமும் இல்ல. வீட்டுல தீட்டுன்னு முதல்ல கெளப்பி விட்டதும் நான்தான். அவகிட்டயும் வந்து சொல்றேன்."

பாலமுருகன் என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான். "அவ அந்த மூணு மாசமும் சாப்பிடவே இல்லீங்க" என்று மட்டும் சொன்னார்.

சாமிதான் முதலில் எழுந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அலகையே தொட்டிருக்க மாட்டேனேம்மா. பூக்காவடி எடுத்தா வேணாம்னா சொல்லப் போறான் முருகன்?" பாலமுருகன் தோளில் கையைப் போட்டார். "மாத்திரைய விடாத. டாக்டரைக் கேக்காம இனிமே யாருக்கும் நான் குத்தறதா இல்ல."

அண்ணி காபி குடிக்காமலே பள்ளிப்பட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

நவம்பர் 3, திங்கள்

காலை டிபன் முடிந்ததும் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து, டம்ளரோடு நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அட்டையோட கொண்டா" என்றார். நேற்றிலிருந்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். டாக்டர் சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். எல்லா அட்டைக்கும் பத்து நிமிடம் ஆனது. பிறகு அவரே பிரித்து வாயில் போட்டு, என் கையிலிருந்த தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

எட்டு மணி பஸ் போய்விட்டது. பரவாயில்லை. இனி தினமும் இப்படித்தான் போலிருக்கிறது. படிக்கட்டும்.